ஆணி போட்டுப் பார்க்காத நாள்

என் அண்ணனுக்கு ஊரில் பெயர் 'பளபளா'. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. துருப்பிடித்த சைக்கிள் ஹாண்டில், கறுத்துப்போன தண்ணீர்க் குழாய், மெருகு போன கதவுக் கைப்பிடி என்று எதைக் கொடுத்தாலும் நிக்கல் பூசி, முகம் பார்த்துத் தலைசீவுகிற மாதிரி திருப்பிக் கொடுப்பார். அதனால் வந்த பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார். வாய்ச் சவடாலுக்காக வைத்த பெயர் என்று நான் சொல்வேன். கூடப் பிறந்தவள் நான், எனக்கு அந்த உரிமை உண்டு.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட, நீளமான ஓர் அறை. வாசலருகே மெருகு போடுகிற மோட்டார். நான் உட்காருவது அங்கேதான். வருகிற சாமானைத் தேய்த்து, கழுவி, செம்புக் கம்பியில் கட்டிக் கொடுப்பது என் வேலை. அதைத் தாண்டி அமிலத் தொட்டி, இரண்டு கழுவும் தொட்டி, கடைசியில் நிக்கல் தொட்டி. அதிலிருக்கும் தண்ணீர் பச்சைப் பசேலென்று, எடுத்துக் குடிக்கலாம் போல இருக்கும். குடித்தால் ஆள் காலி. தொட்டியின் இரு ஓரத்திலும் நிக்கல் தகடுகள் தொங்கும். நடுவில் ஒரு செம்புத் தடி போகும், பூச வேண்டிய சாமானை அதில் தொங்கவிடுவோம். சுவரோரம் மின்சாரப் பெட்டி. அதிலிருந்து என் கட்டைவிரல் பருமனுக்கு இரண்டு கறுப்புக் கம்பிகள் வரும். ப்ளஸ் கம்பி தகடுகளுக்கு, மைனஸ் கம்பி நடுத்தடிக்கு.

மிச்சமெல்லாம் கரண்டின் வேலை. அது ப்ளஸ் கம்பி வழியாகத் தகட்டுக்கு வந்து, தொட்டித் தண்ணீருக்குள் இறங்கி, சாமானில் ஏறி, மைனஸ் கம்பி வழியாகப் பெட்டிக்கே திரும்பிவிடும். இந்தச் சுற்றில் எங்காவது ஓரிடம் அறுந்தால் எதுவும் நடக்காது. அறுபடாமல் ஓடினால், தகட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் நிக்கலைத் தூக்கிக்கொண்டு வந்து சாமான்மேல் படியவைக்கும். வருகிற ஆட்களுக்கெல்லாம் அண்ணன் இதைப் பிரசங்கம் செய்வார். "வீட்டு கரண்ட் ஆளைத் தூக்கி அடிக்கும். என்னுது சாதுவான கரண்ட். பெட்டி அதை அடக்கி, ஒரே பக்கமா ஓடவிடுது. கை வச்சாக்கூடக் கடிக்காது!"

கடிக்காதுதான், ஆனால் கம்பி இரண்டும் இடம் மாறினால் தின்றுவிடும். தகட்டிலிருந்து சாமானுக்கு வர வேண்டியது போய், சாமானிலிருந்து கரைத்துத் தகட்டுப் பக்கம் கொண்டுபோகும். அதற்காகத்தான் எங்கள் தொழிலில் 'ஆணி பார்ப்பது' என்று ஒரு பழக்கம். பெட்டியில் யார் கை வைத்தாலும் சரி, முதலில் ஒரு சுத்தமான இரும்பு ஆணியைத் தொட்டியில் தொங்கவிட்டுப் பார்ப்போம். வெளுத்து வந்தால் கம்பி சரி. கறுத்துச் சொரசொரப்பாக வந்தால் மாற்றி மாட்ட வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட இதைச் செய்வான்.

இனி மாப்பிள்ளை. அண்ணனுக்கு ஒரே மகள். பழுதான மிக்ஸியை எடுத்துக்கொண்டு மோட்டார் கடைக்குப் போனவள், பழுது பார்த்தவரையே பிடித்துக்கொண்டு வந்தாள் என்று நான் கேலி செய்வேன். எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றுவதும், வீடுகளுக்கு ஒயரிங் செய்வதும் அவர் தொழில். பத்துக் கேள்வி கேட்டால் ஒரு 'ம்' வரும். அண்ணனுக்கு இந்தச் சம்பந்தம் ஆரம்பத்திலிருந்தே தொண்டையில் சிக்கிய முள். மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்ப்பவர்தான் மருமகனாக வர வேண்டும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். "எல்லாம் ஒரே கரண்ட்தான். அவர் கைல சுத்துது, என் கைல மின்னுது" என்று சிரித்துக்கொண்டே குத்துவார். என் வீட்டுக்காரர் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். அவர் கையில் அதே கரண்ட் சூடாகிறது. ஆனால் அவரை அண்ணன் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

எங்கள் பகுதியில் ஒரு கால்பந்து மன்றம் உண்டு. அதற்குப் பித்தளையில் செய்து நிக்கல் பூசிய பழைய சுழற்கோப்பை ஒன்று இருந்தது. வருஷா வருஷம் ஜெயித்த அணியின் பெயரையும் தலைவரின் பெயரையும் அதில் வெட்டுவார்கள். செத்துப்போனவர்கள், வெளியூர் போனவர்கள், இன்றைக்கும் தெருவில் நொண்டிக்கொண்டு நடப்பவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். அண்ணன் பெயரும் இருந்தது. மன்றச் செயலாளரின் அப்பா பெயர் அதற்கு இரண்டு வரி மேலே. பூச்சு தேய்ந்து பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்க ஆரம்பித்ததால், இறுதி ஆட்டத்துக்கு முன்னால் புதிதாகப் பூசித் தரச் சொல்லிச் செயலாளர் கொண்டுவந்தார். மன்றத்துக்குப் புதுக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் ஒயரிங் வேலையை மாப்பிள்ளைக்குக் கொடுப்பதாக ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அவருக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அதுதான். மகள் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் பெட்டி புகைந்து நின்றது. மாப்பிள்ளைதான் எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவந்தார். அன்று நான் பல்வலியோடு வீட்டில் முடங்கிக் கிடந்தேன். நடந்ததைப் பிற்பாடு அண்ணன் வாயாலேயே கேட்டேன். ஆனால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு வந்த மாதிரி உங்களுக்கும் மாப்பிள்ளைமேல் அநியாயமாகக் கோபம் வந்துவிடும்.

"மாமா, உள்ள கரண்டை ஒரே பக்கமா விடற பழைய தட்டெல்லாம் வெந்துபோச்சு. அதுக்குப் பதிலா புதுசா டையோடு போட்டிருக்கேன்" என்றாராம் மாப்பிள்ளை. "அது உட்கார்ற விதத்துல ப்ளஸ்ஸும் மைனஸும் பக்கம் மாறிடுச்சு. இதுவரைக்கும் இடதுபக்கம் மைனஸ். இனிமே இடதுபக்கம் ப்ளஸ்."

"ஏன், பழைய மாதிரியே வச்சா என்ன?"

"வைக்கலாம். குறுக்க ஒரு பட்டை போட்டு இணைக்கணும். இவ்ளோ கரண்ட் போற இடத்துல ஒரு இணைப்பு கூடினா அந்த இடம் சூடாகும், மறுபடி வேகும். அதுக்குக் கம்பியை மாத்தி மாட்டிடறதே நல்லது. நானே மாட்டிடறேன்."

"கம்பி முனையெல்லாம் பாசி பூத்த மாதிரி இருக்கு. நான் தேய்ச்சு மாட்டிக்கிறேன். நீங்க கிளம்புங்க."

மாப்பிள்ளை கையோடு கொண்டுவந்திருந்த சிவப்புப் பெயிண்டு டப்பாவின் மூடியைத் திறந்தார். "ப்ளஸ்ல ஒரு சிவப்பு அடிச்சிடறேன் மாமா. அடையாளமா இருக்கும்."

"வேண்டாம் மாப்பிள்ளை. என் பெட்டில எது ப்ளஸ் எது மைனஸ்னு சாயம் பூசிப் பார்க்கிற நிலைமைக்கு நான் இன்னும் வரல. நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்ப நீங்க சட்டை பட்டன் போடவே கத்துக்கல."

மாப்பிள்ளை மூடியைத் திரும்ப அழுத்தினார். வாசல் வரை போய்த் திரும்பி, "மாட்டினதும் ஒரு ஆணியைத் தொங்கவிட்டுப் பாருங்க மாமா" என்றார். அக்கறையில் சொன்ன வார்த்தை. அண்ணனுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆணி பார்ப்பதை இவன் எனக்குச் சொல்லித் தருகிறானா என்று இருந்ததாம். அந்த வீம்புதான் மறுநாள் ஆணி எடுக்கப் போன கையைப் பிடித்து நிறுத்தியது.

மறுநாள் நான் வந்துவிட்டேன். செயலாளர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுத்து தேயாதபடி கோப்பையை மெதுவாக மெருகேற்றிக் கொடுத்தேன். அண்ணன் கம்பி முனைகளைத் தேய்த்து மாட்டினார். கை அதன் பழக்கத்துக்குப் போயிற்று, இடதுபக்கக் கம்பி நடுத்தடிக்கு. ஆணி தொங்குவதை நான் பார்க்கவில்லை. நான் அடுத்த சாமானுக்குத் திரும்பியிருந்தபோது பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கோப்பையைத் தொங்கவிட்டு, மன்றத்துச் சாமானாயிற்றே, நன்றாகக் கெட்டியாகப் பிடிக்கட்டும் என்று கரண்டைத் தாராளமாகத் திருகிவிட்டார். அப்புறம் செயலாளரை அழைத்துக்கொண்டு முனைக் கடைக்கு டீ குடிக்கப் போனார். அங்கே தான் அடித்த அந்தப் பழைய கோலைப் பற்றி ஆரம்பித்தார். அந்தக் கதை ஆரம்பித்தால் சீக்கிரத்தில் முடியாது, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். நான் வாசலில் வேறு சாமான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து தடியைத் தூக்கினார். கோப்பை வெளியே வந்தது.

அழுக்குக் கறுப்பில், அம்மை கண்ட முகம் மாதிரி உடம்பெல்லாம் குழி. பெயர்கள் இருந்த இடத்தில் விரலால் தடவினேன். அங்கங்கே ஒரு கொம்பும் ஒரு சுழியும் தட்டுப்பட்டன, முழுதாக ஒரு பெயர் இல்லை. தொட்டித் தண்ணீரும் பச்சை மாறி நீலம் கலந்து கலங்கிக் கிடந்தது. கோப்பையிலிருந்து கரைந்ததெல்லாம் அதற்குள்தான் இருந்தது.

"என்னங்க இது? எங்கப்பா பேரு எங்க?" என்றார் செயலாளர். அவர் குரல் உடைந்திருந்தது.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கம்பியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்கு இப்போது தெரிகிறது. வாய் திறந்தது. "மாப்பிள்ளை பெட்டியைப் பக்கம் மாத்திக் கட்டியிருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

பொய்யைக்கூடத் தயங்கித்தான் சொல்வார்கள் மனிதர்கள். இது தயாராகக் காத்திருந்தது மாதிரி வந்து விழுந்தது.

சாயங்காலம் மன்றத்தில் கூடினார்கள். மன்றத் தலைவர், செயலாளர், பழைய ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர். அந்தக் கறுத்த கோப்பை மேஜைமேல் இருந்தது. மாப்பிள்ளையை ஆள் விட்டு அழைத்தார்கள். கையில் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் பிசுக்கோடு அப்படியே வந்து நின்றார்.

"பக்கம் மாறினா சொல்ல வேண்டாமா? அட, சொல்ல மறந்தாலும் ஒரு குறியாவது போட வேண்டாமா? இதுகூடத் தெரியாம என்னய்யா எலக்ட்ரீஷியன்?" என்று செயலாளர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்.

மாப்பிள்ளை அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கோப்பையைப் பார்த்தார். நான் அண்ணன் பக்கத்தில்தான் நின்றேன், மாப்பிள்ளையின் பார்வை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதை நான் குற்றவாளியின் பார்வை என்று நினைத்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை. பிறகு அவர் தலையைக் குனிந்து, "தப்புதாங்க" என்றார். மாமனாரை நாலு பேர் முன்னால் பொய்யர் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கோ வாய் நன்றாகவே வந்தது. "எங்கண்ணன் மானத்தை இப்படி வாங்கிட்டீங்களே தம்பி" என்று என் பங்குக்கு நானும் கேட்டேன். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

கூடத்து ஒயரிங் வேலை வேறோர் ஆளுக்குப் போயிற்று. தெருவில் மாப்பிள்ளைக்குக் 'கோப்பைதின்னி' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஆட்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் மட்டும் சோம்பலே கிடையாது. அவர் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும் மோட்டார்கள் குறைந்தன. அதுவரை மாமாவென்று உரிமையோடு பட்டறைக்குள் வந்துபோனவர், எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போக ஆரம்பித்தார்.

அண்ணன் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தார். கம்பியை மாற்றி மாட்டினார். அதற்கப்புறம் எதற்கெடுத்தாலும் ஆணி பார்த்தார். வெளுத்த ஆணியை எடுத்து வைத்துவிட்டு இன்னொன்றைத் தொங்கவிடுவார். பிரசங்கம் நின்றுபோயிற்று. யாராவது சும்மா விலை விசாரிக்க வந்தாலும் வியர்த்துவிடும். நான் மெருகேற்றிக் கொடுக்கும் ஹாண்டிலில் தன் முகம் தெரிந்தால் அதைத் திருப்பி வைத்தார். கோப்பை போன துக்கம் என்றே நான் நினைத்தேன். "விடு அண்ணே, நீ என்ன பண்ணுவே, அந்த ஆளுக்குப் பொறுப்பில்ல" என்று ஆறுதல் வேறு சொன்னேன். ஒவ்வொரு ஆறுதலுக்கும் அவர் இன்னும் கொஞ்சம் கூனிக்குறுகினார்.

ஒருநாள் மகள் பட்டறைக்கு வந்தாள். நான் மோட்டாரை நிறுத்தினேன். அவள் நேராக அண்ணனிடம் போய் நின்றாள்.

"அப்பா, அவருக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேக்கறேன். நீங்க அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னீங்கன்னு அத்தை சொன்னாங்க. எனக்கு மனசே ஆறல. அவர்கிட்ட நான் பேசறதே இல்ல. சோத்தைப் போட்டு வச்சிட்டு அந்தப் பக்கம் போயிடறேன்."

அவள் அண்ணன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நிக்கல் தண்ணீரில் ஊறி வெடித்துப்போன அந்தக் கையை அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டதை வாசலிலிருந்தே பார்த்தேன். அவள் போனதும் மனிதர் கழுவும் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அங்கே வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னார். பெயிண்டு டப்பா, ஆணி, வீம்பு, எல்லாம்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனா அண்ணே?" என்றேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். எழுதுகிற மாதிரி இல்லை. கடைசியில், "மன்றத்துக்கு நட. எங்க பொய் சொன்னியோ அங்கயே போய்ச் சொல்லு" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

இறுதி ஆட்டத்துக்கு ஏற்பாடு பேச எல்லாரும் கூடியிருந்தார்கள். அண்ணன் எழுந்து நின்றார். "அன்னைக்கு நான் சொன்னது பொய். பக்கம் மாறினதை மாப்பிள்ளை சொன்னாரு. குறி போடறேன்னாரு, நான்தான் வேண்டாம்னேன். ஆணி பாருங்கன்னாரு, நான் பார்க்கல. கோப்பையைக் கெடுத்தது நான்."

பிறகு தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அண்ணன் தோளில் கை போட்டார்.

"புரியுதுங்க. பொண்ணைப் பெத்த மனசு. மருமகன் பேர் கெட்டுப்போச்சேன்னு பழியைத் தன் தலைல இழுத்துப் போட்டுக்கறீங்க. இந்தக் காலத்துல எந்த மாமனாருக்கு இது வரும்?"

"ஐயோ, இல்லங்க. நான் நெசமாத்தான்—"

"அந்தப் பையனே தப்புன்னு ஒத்துக்கிட்டானே! அப்புறம் எதுக்கு நீங்க?" என்றார் செயலாளர். அவர் கண்ணே கலங்கியிருந்தது. ஒருவர் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். "உண்மைதாங்க, எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னார்" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். "பாருங்க, குடும்பமே அந்தப் பையனுக்காக நிக்குது" என்று அதற்கும் கை தட்டினார்கள். அண்ணன் சொல்லச் சொல்ல அவர் உயர்ந்துகொண்டே போனார், மாப்பிள்ளை தாழ்ந்துகொண்டே போனார். புதுக் கோப்பையை அண்ணன் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார்கள். அன்றைக்கு அவர் அடித்த பொய்யைத் தயங்காமல் வாங்கிக்கொண்டவர்கள், இன்றைக்கு உண்மையை வாங்க மாட்டேன் என்றார்கள்.

அந்தப் பெருமை தெருவெல்லாம் பரவி மறுநாள் காலையே மகள் காதுக்குப் போயிற்று. வந்தாள். ஊரார் மாதிரி அவளும் அப்பாவைக் கொண்டாடப்போகிறாள் என்று பயந்தேன். அவள் பெட்டியருகே போய் நின்று அந்த இரண்டு முனைகளையும் பார்த்தாள்.

"மன்றத்துல சொன்னது நெசமா அப்பா?"

அண்ணன் கையிலிருந்த ஆணியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அவர் பெயிண்டு டப்பாவை எடுத்துட்டுதான் கிளம்பினார். திரும்பி வந்தப்ப மூடி ஓரமெல்லாம் சாயம் ஈரமா இருந்துச்சு. பிரஷ்ஷு காய்ஞ்சிருந்துச்சு. திறந்துட்டு ஏன் அடிக்கலன்னு கேட்டேன். பதில் சொல்லல. நானும் விட்டுட்டேன்." அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். "நீங்க வேண்டாம்னிருப்பீங்க. உங்களுக்கு யார் எதைச் சொன்னாலும் பிடிக்காது. எனக்கு அப்பவே தோணியிருக்கணும்."

ஊரில் ஒருவரும் நம்பாத உண்மையை அவள் ஒருத்தி நம்பினாள். அண்ணன் யாரிடம் மட்டும் நல்லவராக இருக்க நினைத்தாரோ, அவள். அவள் கத்தியிருந்தால்கூட அவருக்குச் சற்று ஆறியிருக்கும். கத்தவில்லை.

"உங்களுக்காக நான் அவரை எப்படியெல்லாம் பேசிட்டேன் தெரியுமா? ஒரு நாளாவது 'உங்கப்பாதான்'னு அவர் திருப்பிச் சொல்லல." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மன்றத்துல சொன்னா போதுமா? அவர்கிட்ட சொன்னீங்களா? நான் போறேன். முதல்ல நான் கேக்க வேண்டியதைக் கேட்டுக்கறேன். அப்புறமா நீங்க வாங்க."

அன்று பிற்பகல் அண்ணன் மாப்பிள்ளையின் கடைக்குப் போனார். தனியாகப் போகத் துணிவில்லை, என்னையும் கூட்டிக்கொண்டார். கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை காயில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்று எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் மோட்டார் ஒழுங்காக ஓடாது, அதனால் வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவார். எங்களைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை, ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். 'பொறுங்கள்' என்று அர்த்தம். என் அண்ணனை யாரும் அப்படி நிற்கவைத்ததில்லை. நின்றார். மெல்லிய செம்புக் கம்பி சரசரவென்று ஓடிக்கொண்டே இருந்தது. காத்திருந்த இருவரும் 'கோப்பைதின்னி'யின் மாமனாரை மரியாதையோடு பார்த்து, உட்காரச் சொல்லி ஸ்டூலைத் தள்ளினார்கள். அவர் உட்காரவில்லை.

கம்பியை வெட்டி முடிச்சுப் போட்டுவிட்டு மாப்பிள்ளை நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளை, நான் உங்களுக்குப் பெரிய துரோகம் பண்ணிட்டேன்" என்றார் அண்ணன், அந்த இருவருக்கும் கேட்கும்படியாகவே. "நீங்க சொன்னதைக் கேக்காம கெடுத்துட்டு, உங்க தலைல கட்டினேன். அன்னைக்கு நீங்க என்னைப் பார்த்தீங்க, எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் வாயை மூடிட்டு நின்னேன். வெக்கமா இருக்கு."

"காலைல அவ சொன்னா மாமா."

"மன்றத்துலயும் சொன்னேன். நம்ப மாட்டேங்கிறாங்க. இனிமே எங்க போனாலும் உங்க வேலையைப் பத்தி நானே நாலு பேர்கிட்ட—"

"வேண்டாம் மாமா."

அவர் சத்தம் போடவில்லை. சுற்றிய காயிலைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தார்.

"நீங்க எனக்கு எதிராப் பேசினதை நம்பினாங்க. எனக்காகப் பேசினா அதுவும் உங்களுக்குத்தான் பேரு, எனக்கில்ல. எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இனிமே என் வேலையைப் பத்தி நாலு பேர் முன்னாடி பேசாதீங்க. கெட்டதும் வேண்டாம், நல்லதும் வேண்டாம்."

அண்ணன் தலையை ஆட்டினார். ஆட்டியவர் அதைக் காப்பாற்றியும் வந்தார். புதுக் கோப்பையைக் கொடுக்க மேடைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதையும் ஊர் தன்னடக்கம் என்று மெச்சியது. மகளும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டார்கள். இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்துபோகவும் ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை முன்போலவே 'மாமா' என்பார், சாப்பிடுவார், கிளம்புவார். பட்டறைப் பக்கம் மட்டும் வருவதில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் மன்றச் செயலாளர் வந்தார். புதுக் கூடத்துக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோய்விட்டது, அதைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். வண்டியை எங்கள் வாசலில் சாய்த்து நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களைக் கேக்காம யாரைக் கேக்கறது? இதைக் காயில் கட்டணும். உங்க மாப்பிள்ளைகிட்டயே கொடுத்துடலாமா? பழசையெல்லாம் மனசுல வச்சுக்கல. அவர் வேலை சுத்தமா இருக்குமா, சொல்லுங்க."

அண்ணன் வாயைத் திறந்தார். அந்த ஆளைப் போலக் காயில் சுற்ற இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தலையாட்டிக் கொடுத்த வாக்கும் கூடவே நினைவுக்கு வந்திருக்கும். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. பிறகு வாயை மூடிக்கொண்டு, தொட்டிப் பக்கம் திரும்பி, தடியில் தொங்கிய சாமானைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

செயலாளர் அவர் முதுகைப் பார்த்தார். "ம், புரியுது" என்று சைக்கிளை நிமிர்த்தினார். நான் எழுந்து, ஈரக் கையோடு தெருமுனை வரை அவர் பின்னால் ஓடினேன். "அண்ணன் பேசலன்னா தப்பா எடுத்துக்காதீங்க. மாப்பிள்ளைகிட்டயே கொடுங்க, தங்கமான வேலை" என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்கம்மா" என்றார் அவர், மிதியில் கால் வைத்தபடி. "ஆனா சொந்த மாமனாரே ஒண்ணும் சொல்லலையே."